பூட்டிய கடைகளின் ஓவியங்கள்: வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடைவீதி வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தெரு முழுதும் பூட்டிக் கிடக்கும்போது நீங்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. வந்ததும் ஷட்டரை ஏற்றுகிறீர்கள். போகும்போது இறக்கி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். வாடிக்கையாளர் வருவதும் கடை திறந்திருக்கும்போதுதான். பூட்டிய தெருவைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள்: இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்கள், தெரு கூட்டுகிறவர்கள், முதல் பேருந்துக்கு ஓடுகிறவர்கள், தூக்கம் பிடிக்காமல் நடக்கிற என்னைப் போன்ற சிலர். அந்தக் கூட்டத்தின் சார்பில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் என்னை நியமிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உங்களில் சிலருடைய ஷட்டர்களில் ஓவியங்கள் இருக்கின்றன. பகலில் எத்தனையோ தடவை நடந்த தெருதான். ஆனால் பகலில் அந்த ஓவியங்கள் மேலே உருளைக்குள் சுருண்டு கிடக்கும். அதனால் அவை இருப்பதே எனக்குத் தெரியாது. விடியும் முன் அந்தப் பக்கம் போனபோதுதான் கண்ணில் பட்டன. ஒரு தையல் கடையின் ஷட்டரில் ஆள் உயர ஊசி. அதன் காதில் நுழைந்த சிவப்பு நூல் ஷட்டரோடு நிற்கவில்லை. தூணைத் தாண்டி அடுத்த கடை ஷட்டருக்கும், அதற்கடுத்ததற்கும் ஓடி, கடைசியில் ஒரு பொம்மைக் கடையில் பட்டத்தின் வாலாக முடிகிறது. அதாவது நான்கு கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் கடையைச் சீக்கிரம் திறந்தால் நூல் நடுவில் அறுந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே மூன்றாவது ஷட்டர் கடகடவென்று மேலே போனது, நூலும் அறுந்தது. ஏற்றியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு ஷட்டரில் நடந்துபோகிற ஒரு மனிதர். ரோலிங் ஷட்டருக்குத் தரையை ஒட்டி இரண்டு ஓரத்திலும் பூட்டு இருக்கும் அல்லவா? அந்த இரண்டு பூட்டும் அவருடைய இரண்டு செருப்பின் வாராகிவிட்டன. அகலமாகக் கால் வைக்கிற ஆளாக அவரை வரைந்ததே அதற்காகத்தான் என்பது கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது. சுவரில் இப்படி ஒன்றை யாரும் வரைய மாட்டார்கள். ஷட்டருக்காகவே யோசித்த படம் அது.

இப்போது நான் எழுதக் காரணம். கடைவீதிகளை அழகுபடுத்தும் திட்டம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் சங்கங்களில் இரண்டு யோசனைகள் தவறாமல் எழுகின்றன. ஒன்று, எல்லா ஷட்டர்களுக்கும் ஒரே நிறம். இன்னொன்று, ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு ஷட்டர்களை மொத்தமாக விளம்பரத்துக்குக் கொடுப்பது. பெயிண்ட் செலவும் மிச்சம், கையிலும் கொஞ்சம் காசு. இரண்டும் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒவ்வொரு ஷட்டரையும் அந்தந்தக் கடைக்காரரும் ஓர் ஓவியரும் பேசி முடிவெடுக்க விட்டுவிடுங்கள். சங்கம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆம் தெரு என்று ஒரு கடைவீதி. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அங்கே கலவரம் வெடித்தது, கடைகள் சூறையாடப்பட்டன. அதன் பிறகு கடைக்காரர்கள் கனமான இரும்பு ஷட்டர்களைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருட்டினால் அந்தத் தெரு சிறை வளாகம் மாதிரி ஆகிவிட்டது. பனாமாவிலிருந்து வந்து குடியேறிய ஃபிராங்கோ காஸ்கின் என்ற ஓவியர் 1978 வாக்கில் அந்த ஷட்டர்களில் வரைய ஆரம்பித்தார். கடைகள் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவருக்கு வேலை நாள். ஆண்டுக்கணக்கில் வரைந்து ஏறக்குறைய 200 ஷட்டர்களை முடித்தார். ஞாயிறு காலையில் அவற்றைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கடை திறந்திருக்கும் நாளில் வந்தால் பார்க்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். வியாபாரமே இல்லாத நாளில் ஒரு கடைவீதிக்கு ஆள் வந்தது.

அந்த ஓவியங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. யாரும் வெறுத்து அழிக்கவில்லை. கடைகள் கை மாறின, கட்டடங்கள் இடிந்தன, புதியவர் புது ஷட்டர் போட்டார், பழையது இரும்புக்கடைக்குப் போனது. ஷட்டர் ஓவியத்தின் ஆயுள் ஷட்டரின் ஆயுள்தான். அதை நான் ஏற்கிறேன். எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைப்பதில் என்ன சிரமம்? வரைந்தவருக்கு ஒரு போன் போடுவதில்?

இன்னொரு கதை அதே ஊரில். 2009-இல் நியூயார்க் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது: இனிமேல் போடும் ஷட்டர்கள் உள்ளே தெரியும்படி, பெரும்பகுதி கம்பி வலையாக இருக்க வேண்டும். 2026 ஜூலைக்குள் எல்லாக் கடைகளும் மாற வேண்டும் என்று அப்போது காலக்கெடுவும் வைத்தார்கள். மூடிய தகடு இருந்தால் கண்டபடி கிறுக்குகிறார்கள், தீயணைப்பு வீரருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை என்பது வாதம். இரண்டாவது காரணம் நியாயமானதுதான். ஆனால் சில ஆண்டுகளிலேயே, அதே நகரத்தின் சிறுதொழில் துறை தந்த நிதியில், லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் கடைக்காரர்களையும் ஓவியர்களையும் சேர்த்துவைத்து அதே மூடிய ஷட்டர்களில் வரைய ஏற்பாடு நடந்தது. ஒரு கை ஒழிக்கப் பார்த்ததை இன்னொரு கை வளர்த்தது. அரசாங்கம் என்றால் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

"ஓவியம் வரைந்தால் கிறுக்கமாட்டார்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரே நிறத்தில் அடித்த சுத்தமான ஷட்டர், கிறுக்க நினைப்பவனுக்கு நீங்களே தயார் செய்து கொடுத்த பலகை. அதில் ஒரு கோடு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். நீங்கள் மறுபடி அடிக்க வேண்டும், அவன் மறுபடி வருவான். ஏற்கெனவே ஒருவர் உழைத்து வரைந்த படத்தின் மேல் கை வைக்கப் பலரும் தயங்குவார்கள். தயங்காதவர்களும் உண்டு. அப்போது சரிசெய்ய ஓவியரையே கூப்பிடலாம்.

விளம்பரத்துக்குக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே குளிர்பானப் பாட்டிலோ ஒரே செல்போன் கம்பெனிச் சின்னமோ வரிசையாக நாற்பது ஷட்டரில் இருந்தால், எந்தக் கடை எது என்று உங்களுக்கே குழம்பும். உங்கள் கடைக்கு உங்கள் முகம் வேண்டாமா?

லண்டனில் பென் ஐன் என்பவர் ஷட்டருக்கு ஓர் எழுத்து என்று பெரிய பெரிய வண்ண எழுத்துகளாக எழுதிக்கொண்டு போனார். 2010-இல் மிடில்செக்ஸ் தெருவில் ஆங்கில அகரவரிசை முழுவதையும் கடை ஷட்டர்களிலேயே எழுதி முடித்தார். ஜப்பானின் கியோத்தோ நகரில் நிஷிகி என்ற பழைய சந்தை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர் இட்டோ ஜாகுச்சூ அந்தச் சந்தையிலிருந்த ஒரு காய்கறி மொத்த வியாபாரியின் மகன். இன்று சந்தை மூடியதும் ஷட்டர்களில் அவருடைய ஓவியங்களின் பிரதிகளைப் பார்க்கலாம். அவருடைய சேவல்கள் உலகப் புகழ் பெற்றவை. தங்கள் தெருவில் பிறந்த வியாபாரி மகனை அந்தத் தெரு இப்படி வைத்துக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் பேங்க்ஸி என்ற தெரு ஓவியர் லண்டன் உயிரியல் பூங்காவின் நுழைவாயில் ஷட்டரில் ஒரு கொரில்லாவை வரைந்தார். ஷட்டரின் ஓரத்தைக் கொரில்லா தூக்கிப் பிடிக்க, கீழே சீல் என்ற கடல் விலங்கும் பறவைகளும் தப்பித்து வெளியே வருகின்றன. சில நாட்களில் பூங்கா அந்த மூல ஓவியத்தைப் பாதுகாப்பாக எடுத்து வைத்துவிட்டு அங்கே ஒரு பிரதியை மாட்டியது. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி ஓவியம். ஷட்டர் என்றால் தூக்குவது என்பதை மட்டும் வைத்தே மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். வரையச் சொல்லப் போகிறவர்கள் ஷட்டரைச் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஷட்டர் என்பது நீள நீளமான தகட்டுப் பட்டைகள், ஒன்றின் விளிம்பில் இன்னொன்று கொக்கி போட்டுத் தொங்குவது. மேலே ஏறும்போது பட்டையோடு பட்டை உரசிக்கொண்டு சுருளும். கெட்டியாகப் பெயிண்ட் பூசினால் அந்த உரசலில் சுரண்டி எடுத்துவிடும், மூட்டுகளில் பெயிண்ட் அடைத்துக்கொண்டு ஷட்டர் இழுக்க முடியாமலும் போகும். ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சுகளாக அடிப்பவர்களின் படம் நிலைப்பது இதனால்தான். துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. தகடாக இருந்தால் இன்னொரு சிக்கல். நேராக எண்ணெய் எனாமல் அடித்தால், தகட்டின் துத்தநாகமும் பெயிண்டின் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, படம் பாளம் பாளமாக உரிந்து வரும். முதலில் கிரீஸ் போகக் கழுவி, துத்தநாகத் தகட்டுக்கான பிரைமர் அடித்துவிட்டுத்தான் ஓவியரை விட வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் ஏற்பது முறை. வரைந்த பிறகு காயும்வரை ஷட்டரை ஏற்றக் கூடாது, ஈரத்தோடு சுருட்டினால் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் தூக்குகிற ஷட்டர் என்றால் அடிப்பட்டையில் முகமோ எழுத்தோ வேண்டாம். தினமும் கை பிடிக்கும் இடம், முதலில் தேய்வது அதுதான்.

பணம் கொடுங்கள். "உனக்கும் விளம்பரம்தானே" என்று சொல்லி ஓசியில் வரையச் சொல்வதை நான் பல தெருக்களில் கேட்டிருக்கிறேன். ஓசியில் நீங்கள் சரக்கு கொடுப்பீர்களா? ஒரு மூலையில் ஓவியர் தன் பெயரைப் போடவும் விடுங்கள்.

ஒரு சிறு ஒப்பந்தமும் வேண்டும், ஒரு பக்கம் போதும்: என்ன படம், எவ்வளவு கூலி, அழிக்க வேண்டியிருந்தால் எத்தனை நாள் முன்பே சொல்வது. இது ஓவியருக்கு மட்டுமான காப்பு இல்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கட்டடத் தொகுதி முழுக்க ஓவியங்கள் இருந்தன. உரிமையாளரின் அனுமதியோடு வரைந்தவை. 2013 நவம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் இரவில் உரிமையாளர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார். ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் 45 ஓவியங்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 2020-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. கட்டடம் அவருடையதுதான், அதை இடிக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. முறையாக அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்தால் அந்தத் தொகை அவர் தலையில் விழுந்திருக்காது. எல்லா நாட்டிலும் சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. ஆனாலும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வது எந்த நாட்டிலும் மலிவானது.

படம் வந்தால் வாடகை ஏறும் என்ற பயம் சில சிறு கடைக்காரர்களுக்கு இருக்கிறது. வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். தெரு அழகானதும் கட்டட உரிமையாளரின் கண் திறப்பதைப் பல ஊர்கள் பார்த்திருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர், ஒப்பந்தத்தைப் புதுப்பித்த கையோடு வரையச் சொல்வது புத்திசாலித்தனம். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் உங்கள் சங்கத்திலேயே இருப்பார்கள்.

சங்கம் செய்ய வேண்டியது என்று முன்பே சொன்னேனே, அது இவ்வளவுதான். விருப்பமுள்ள கடைக்காரர்களின் பட்டியல் ஒன்று, ஓவியர்களின் பட்டியல் ஒன்று. நகர நிர்வாகத்திடம் ஒரே கடிதத்தில் மொத்தமாகத் தகவல் தெரிவிப்பது. தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று வருகிறவர்கள் அனுமதியோடு வரைந்ததையும் சேர்த்து அழித்துவிட்டுப் போவதை இது தடுக்கும். எது கூடாது என்பதற்கு இரண்டு வரி விதி போதும்: கட்சிப் படம் வேண்டாம், யாரையும் இழிவுபடுத்துவது வேண்டாம். அதற்கு மேல் தலைப்புக் கொடுக்காதீர்கள். "நம் பாரம்பரியம்", "பசுமை உலகம்" என்று கமிட்டி தலைப்புக் கொடுத்து வரைந்த ஷட்டர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே மரம், ஒரே புறா. தையல்காரரும் ஓவியரும் தாங்களாகப் பேசினால்தான் நூல் நாலு கடை தாண்டி ஓடும்.

அடுத்த கூட்டத்தில் ஒரே நிறத் தீர்மானம் வருவதாக இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் நிர்வாகிகள் நாலைந்து பேர் சேர்ந்து, கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். எந்த ஷட்டரில் படம் இருக்கிறது, யார் வரைந்தது, கடைக்காரர் சம்மதித்துத்தான் வரைந்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
பூட்டிய தெருவில் நடக்கும் ஒருவன்