ஞாயிறு இணைப்பில் கோ ஆட்டத்துக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் குறுக்கெழுத்து இருக்கிறது, சுடோகு இருக்கிறது, சதுரங்கப் புதிர் இருக்கிறது, அரைப் பக்கத்துக்கு ராசிபலனும் இருக்கிறது. அந்த அரைப் பக்கத்தில் ஒரு ராசி பிடித்திருக்கும் இடத்தை மட்டும் வாரந்தோறும் கோ ஆட்டப் புதிர் ஒன்றுக்குத் தர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். எந்த ராசியை நீக்குவது என்பது தங்கள் விருப்பம். என்னுடையது மகரம். அதை எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கோ என்பது கருப்பு, வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாக வைத்து இருவர் ஆடும் ஆட்டம். சீனாவில் பிறந்து, கொரியாவிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருப்பவள். எனக்கு இது என் மகன் மூலம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவன் வேலை செய்கிறான். அங்கே அவனுடைய கொரிய மேலதிகாரி மதிய உணவு இடைவேளையில் கற்றுக்கொடுத்திருக்கிறார். 2020 ஊரடங்கில் வீட்டோடு கிடந்தபோது அவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். அவன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான், ஆட்டம் கடையிலேயே தங்கிவிட்டது.

கல்வித் துறைக்கு மனுப் போடாமல் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஜப்பானில் இந்த ஆட்டத்தைத் தோளில் சுமந்தவை நாளிதழ்கள். கிசெய் பட்டத்துக்கு யோமியூரி, மெய்ஜினுக்கு அசாஹி, ஹோனின்போவுக்கு மைனிச்சி என்று அங்குள்ள ஏழு பெரிய பட்டங்களின் பின்னாலும் பத்திரிகைப் பணம் இருக்கிறது. அதற்குக் கைம்மாறாக ஆட்டம் அந்தந்தப் பத்திரிகையில் விளக்கத்தோடு தொடராக வரும். இன்று சில காய்கள், நாளை இன்னும் சில. முடிவு தெரிந்த பிறகும் வாசகர் விடாமல் படிப்பார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

1933இல் யோமியூரி ஏற்பாடு செய்த ஓர் ஆட்டத்தைத் தங்கள் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பக்கம் ஷூசாய், ஹோனின்போ என்ற முன்னூறு ஆண்டுப் பழமையுள்ள குருகுலத்தின் தலைவர். மறுபக்கம் சீனாவிலிருந்து சிறுவனாக வந்த 19 வயது கோ செய்கென். இளைஞன் கருப்பை எடுத்துக்கொண்டு முதல் காயை மூலைக்கு மிக அருகில் வைத்தான். அப்படித் தொடங்குவது அந்தக் குருகுலத்தில் விலக்கப்பட்ட முறை. மூன்றாவது காயைப் பலகையின் நட்டநடுவில் வைத்தான். பெரியவர்கள் இதை அவமரியாதை என்றார்கள், இளைஞர்கள் கைதட்டினார்கள். ஷூசாய்க்கு எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை இருந்தது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஆகவே ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் நீண்டு அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் முடிந்தது. அவர் இரண்டே புள்ளிகளில் வென்றார். அப்படி நிறுத்தி நிறுத்தி ஆடியது நியாயமல்ல என்பது என் கட்சி.

அதே ஷூசாய் 1938இல் தம் கடைசி ஆட்டத்தில் கிதானி மினோருவிடம் ஐந்து புள்ளிகளில் தோற்றார். ஜூனில் தொடங்கிய ஆட்டம், நடுவில் அவர் நோயாளியாகி மருத்துவமனையில் கிடந்து, டிசம்பரில் முடிந்தது. அதைப் பற்றி எழுத மைனிச்சி குழுமம் அனுப்பிய நிருபர் பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். தாங்கள் அவ்வளவு பெரிய ஆளை அனுப்ப வேண்டாம். புதிரை நானே எழுதி அனுப்புகிறேன்.

எங்கோ இருக்கும் ஆட்டம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். அதில் காய்கள் கட்டத்துக்குள் நிற்பதில்லை, கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிற்கின்றன. மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகள் வெட்டி வீழ்த்துவதில்லை, நகர வழியில்லாமல் அடைக்கின்றன. கோவும் அப்படித்தான். நெடுக்கே 19 கோடு, குறுக்கே 19 கோடு, ஆக 361 சந்திப்புகள். வைத்த காய் நகராது. ஒரு காயைச் சுற்றியுள்ள காலிச் சந்திப்புகள் அதன் மூச்சு. எதிராளி எல்லா மூச்சையும் அடைத்தால் காய் பலகையை விட்டுப் போகும். ஒட்டி நிற்கும் காய்கள் மூச்சைப் பகிர்ந்துகொள்ளும். கடைசியில் அதிக இடத்தை வளைத்தவர் வெற்றி. கருப்பு முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு ஈடாகச் சில புள்ளிகள் தருவார்கள். ஜப்பானில் அது ஆறரை. அந்த அரை எதற்கு என்றால், சமநிலை என்று சொல்லி யாரும் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்கு.

இன்னும் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் பிடிபட்டுவிடும். ஒரு கூட்டத்தின் உள்ளே தனித்தனியாக இரண்டு காலி இடங்கள் இருந்தால் அந்தக் கூட்டம் சாகாது. எதிராளி ஒரே நேரத்தில் இரண்டிலும் வைக்க முடியாதே. அந்த இடங்களைக் கண் என்பார்கள். உள்ளே மூன்று காலி இடங்கள் வரிசையாக இருக்கின்றன என்று வையுங்கள். நடுவில் நான் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டு கண், பிழைத்தேன். எதிராளி முந்திக்கொண்டு நடுவில் வைத்தால் எனக்கு இரண்டு கண் கிடைக்கவே கிடைக்காது, செத்தேன். என் கடைக்கு சுடிதார் அளவு கொடுக்க வரும் மாணவிகளுக்கு இந்த மூன்று இடத்தைத்தான் முதலில் காட்டுவேன். துணி எடுத்துப்போக வந்தவர்கள் துணியை மறந்துவிட்டுப் போனதுண்டு.

பலகைக்குச் செலவு ஆகும் என்று யாரும் பயப்பட வேண்டாம். காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணியில் முக்கால் அங்குல இடைவெளி விட்டு, கருப்பு நூலில் ஓடு தையல் போட்டால் பலகை. சாக்கட்டியால் கோடு போட்டால் இரண்டு நாளில் அழிந்துவிடும், தையல் அழியாது. காய்களுக்குப் பொத்தான். கருப்பில் இரண்டு குரோஸ், வெள்ளையில் இரண்டு குரோஸ் (குரோஸுக்கு 144) வாங்கினால் தேவைக்கு மேலேயே மிஞ்சும். விளிம்பு தூக்கிய பொத்தானாகப் பார்த்து வாங்க வேண்டும், தட்டையானது நகத்தில் அகப்படாது.

அசல் சாமான்களைப் பற்றி மகன் சொன்ன இரண்டு செய்திகள் என் தொழிலுக்கு நெருக்கமானவை. பலகை சரியான சதுரமல்ல. உட்கார்ந்து சாய்வாகப் பார்ப்பவர் கண்ணுக்குச் சதுரமாகத் தோன்ற வேண்டும் என்று நீளவாக்கில் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். அதேபோலக் கருப்புக் காய் வெள்ளையைவிட இம்மியளவு பெரியது. வெள்ளை பருமனாகக் காட்டும், கருப்பு ஒடுக்கிக் காட்டும் என்பது தையற்காரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை ஒரு விளையாட்டுச் சாமானில் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு இந்த ஆட்டத்தின்மேல் முதல் மரியாதை வந்தது.

சதுரங்கத்தோடு எனக்குப் பகையில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரையின் படத்தை நானும் ரசித்தேன். 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் தெருவில் இனிப்புக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் புதிதாகக் கற்ற பிள்ளை நன்றாக ஆடுகிறவரோடு சதுரங்கத்தில் உட்கார்ந்தால் அடி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கோ ஆட்டத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. பலவீனமானவர் ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டிலிருந்து ஒன்பது காய்கள் வரை பலகையில் வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கொள்ளக் காய்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பாட்டியும் பேத்தியும் கடைசிக் காய் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடலாம். மகனோடு ஆடும்போது எனக்கு இன்னும் நான்கு காய்ச் சலுகை உண்டு. அது குறையாமல் இருப்பதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கடை வாசலில் நின்று கேட்ட ஒரு பெரியவருக்கு நான் சொன்ன பதில் ருய் நைவெய். சீனாவில் பிறந்தவர், ஒன்பதாம் டான் என்ற உச்சப் படியை எட்டிய முதல் பெண். கொரியாவின் மிகப் பழைய பட்டமான குக்சுவை 2000ஆம் ஆண்டில் சோ ஹுன்ஹியுனைத் தோற்கடித்து வென்றார். பெண்களுக்கென்று தனியாக வைத்த பட்டமல்ல அது. பெரியவர் சட்டை அளவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கணினி ஜெயித்துவிட்ட ஆட்டத்தை இனி யார் ஆடுவார்கள் என்பது இன்னொரு கேள்வி. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற நிரல், கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை ஐந்து ஆட்டங்களில் நான்கில் வென்றது உண்மை. அவர் வென்ற அந்த ஒன்றில் வைத்த 78ஆவது காயைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவர் 2019இல் ஓய்வு பெற்றார். மனிதர்களின் ஆட்டம் ஓயவில்லை. 2023இல் தொழில்முறை ஆட்டக்காரரே அல்லாத ஓர் அமெரிக்கர், வலுவான கோ நிரல் ஒன்றைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார். அதன் பெரிய கூட்டத்தையே மெல்லச் சுற்றி வளைத்திருக்கிறார், அது கவனிக்கவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க வேறொரு நிரல் தேவைப்பட்டதாம். எங்கள் தெருவில் புலியை அடைத்துப் பழகிய ஆயாக்களைக் கேட்டிருக்கலாம்.

அருகிலுள்ள பள்ளி ஒன்றில் போய்ப் பேசிப் பார்த்தேன். மாவட்டப் போட்டி உண்டா, சான்றிதழ் கிடைக்குமா என்றார்கள். இல்லை என்றேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூளை வளரும், கணக்கு வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை கதவு திறந்திருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விளையாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆடக் கூடாதா? மதிப்பெண்ணுக்கு உதவும் என்ற சீட்டை ஒட்டாமல் பிள்ளைகளின் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்று எப்போது முடிவானது?

ஆகவேதான் பத்திரிகையைக் கேட்கிறேன். புதிருக்கு 19 கோட்டுப் பலகை வேண்டாம், கற்பவர்களின் 9 கோட்டுப் பலகை போதும். தங்கள் சதுரங்கப் புதிரின் அகலத்தில் அது அடங்கிவிடும். கருப்பு வெள்ளை அச்சிலேயே தெளிவாகத் தெரியும், வண்ணம் தேவையில்லை. கடலூர் மாவட்ட மைய நூலகமும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகமும் சரி என்றால் ஆளுக்கு நான்கு துணிப் பலகையும் பொத்தானும் என் செலவில் தைத்துத் தருகிறேன். வைகாசித் தேருக்கு முன்னால் மட்டும் கேட்க வேண்டாம், ரவிக்கைகள் குவிந்து கிடக்கும்.

முதல் புதிரை இத்துடன் அனுப்புகிறேன். வெள்ளைக் கூட்டம் ஒன்றைக் கருப்பு வெளியே முழுவதும் அடைத்துவிட்டது. வெள்ளையின் உள்ளே நான்கு காலி இடங்கள், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாக. இப்போது வெள்ளையின் முறை. எங்கே வைத்தால் பிழைக்கும்? விடையைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு வரை பிரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.