சோகம் இடைஞ்சல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் நடந்த தனிநடிப்பு மாலை பற்றிய விமர்சனத்தை உங்கள் இதழில் படித்தேன். சிரிப்புக் காட்சிகள் தேறின, நடுநடுவே வந்த சோகக் காட்சிகள் அதைக் கெடுத்துவிட்டன என்கிறார் விமர்சகர். நானும் அங்கே இருந்தேன். எனக்கு அப்படிப் படவில்லை.

கோயில் கொடைக்கு மைக்செட் போடுகிறவராக வந்தவர் அரங்கையே குலுக்கிவிட்டார். 1,001 ரூபாய் நன்கொடை எழுதியவரின் தொகையை மைக்கில் 501 என்று வாசித்துவிட, அந்தக் குடும்பமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிய கதை அது. அடுத்து வந்தவர் பீடி சுற்றும் அம்மா. மடியில் சுளவு; அதில் இலை, தூள், நூல். பேசிக்கொண்டே சுற்றுகிறார், 25 சேர்ந்ததும் கட்டுகிறார். கடையில் கணக்குப்பிள்ளை பீடியை உருட்டிப் பார்த்துக் கழிவென்று ஒதுக்குவதை அவர் மாதிரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு செய்து காட்டினார். சிரித்தோம். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டக் கடைசி நாளும் அன்றைக்குத்தான் என்று அதே குரலில் சொன்னார். கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் சிலர் அப்போதும் சிரித்தது உண்மைதான். முந்தின சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் வேண்டாமா? எங்கள் பக்கம் வில்லுப்பாட்டில் விடிய விடிய இதுதானே நடக்கிறது! கேலி பேசிச் சிரிக்க வைத்த அதே வாய்தான் கதை நாயகன் முத்துப்பட்டனின் சாவைப் பாடி அழவைக்கும். அங்கே பாடுகிறவருக்கு ‘ஆமா’ போட பக்கத்தில் ஆள் உண்டு. தனிநடிப்பில் அந்த ‘ஆமா’வை நாம்தான் மனசுக்குள் போட வேண்டும்.

உண்மையில் கெடுத்தது பொன்னாடை. பீடி அம்மா முடித்த கையோடு விளக்கைப் போட்டு, ஒருவர் சால்வையோடு ஓடி வந்தார். அப்புறம் போட்டோ. எல்லாவற்றையும் கடைசியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? பொன்னாடை இல்லாமல் நம்மூரில் ஒரு கூட்டம் நடந்தால் மழையே வந்துவிடும்போல.

‘தொழில்முறை நடிகர்கள் இல்லை’ என்பதை விமர்சகர் ஏதோ சலுகை மாதிரிச் சொல்லியிருக்கிறார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவில் வேடம் கட்டியவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தான். வசனம் இரண்டு இடத்தில் தடுமாறியது, சரி. அதை நேராகவே எழுதலாம், சலுகை தேவையில்லை.

அடுத்த தடவை பீடித் தொழில் நடக்கும் முக்கூடல் பக்கம் போட்டால் நன்றாக இருக்கும். பீடி சுற்றுகிறவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கணக்குப்பிள்ளையைப் பார்க்கட்டும். தேதியை உங்கள் இதழில் முன்கூட்டியே போடுங்கள். இந்த முறை எனக்கு வாட்ஸ்அப்பில்தான், அதுவும் அன்றைக்கு மதியம்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை