விறகை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: மிச்சிகன் கேம்பிங் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

நோவை, கேன்டன், டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கத்துக் குடும்பத்தார் அனைவருக்கும்,

வணக்கம். ஜனவரி பிறந்துவிட்டது. வாசலில் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டே ஜூலை மாதத்துக் கேம்பிங்கைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இது. மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளில் (மாநிலப் பூங்காக்களில்) ஆறு மாதம் முன்னதாகவே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. காலை 8 மணிக்குத் திறக்கும். தண்ணீரை ஒட்டிய சைட்டுகள், அதாவது கூடாரம் போடும் இடங்கள், நான் பல் துலக்கி வருவதற்குள் போய்விடும். ஒன்பது வருடமாக நமக்கான எக்செல் பட்டியலை நான்தான் வைத்திருக்கிறேன். யார் எந்த சைட், யார் கொசு வலைக் கூடாரம், யார் தோசைக்கல் என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த வருடமும் வைக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் பேசியாக வேண்டும்: வீட்டிலிருந்து கேம்பிங்குக்கு விறகு ஏற்றிக்கொண்டு போவது.

வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கலாம். போட்டால் பத்து நிமிடத்தில் யாருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கடியிலோ புதைந்துபோகும். தவிர, நம் குழு மட்டும் இதைச் செய்யவில்லை. ஏரிக்கரைகளில் பார்க்கிற மற்றத் தமிழ்க் குடும்பங்களும் செய்கிறார்கள், தமிழரல்லாதவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

போன ஜூலையில் வடக்கே இன்டர்லாக்கன் ஸ்டேட் பார்க்கில் நடந்ததை வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பு. நம்மில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரே சிரித்துக்கொண்டு இதைப் படிப்பார்) வேனின் பின்கதவைத் திறந்தார். கூரை வரைக்கும் விறகு. "இந்தத் தடவை விறகுக்குக் காசே செலவில்லை அண்ணா" என்றார். அவர் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன ஆஷ் மரத்தை வெட்டி, துண்டு போட்டு, ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். உழைப்பு தெரிந்தது. நாங்களும் கை தட்டினோம்.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் வளர்ந்தவர். அதற்கு முந்தின அரை மணி நேரமாக, விறகடுப்பு எரிவதைப் பார்க்க இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கட்டையைக் கையில் வாங்கினார். விரல் நகத்தால் நெம்பியதும் பட்டை அப்பளம் மாதிரி கழன்று வந்தது. உள்ளே மரத்தின் மேல் நெளிநெளியாகப் பள்ளங்கள், கட்டை முழுக்க. பக்கத்தில் நின்ற ஒரு பொடியன், "இதுல யார் எழுதினது?" என்று கேட்டான். அம்மா நண்பரைப் பார்த்து, "ஏங் கண்ணு, இது வண்டு தின்ன கட்டையாச்சே. இதையெதுக்குத் தோப்புக்குள்ள கொண்டாந்தீங்க?" என்றார்.

அவருக்கு ஆஷ் மரம் தெரியாது. மிச்சிகன் தெரியாது. ஆனால் தோப்பில் பட்டுப்போன தென்னையை வெட்டி அப்படியே போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு அதில் குஞ்சு பொரித்து அடுத்த மரத்துக்கு ஏறும் என்பது தெரியும். செத்த மரத்தைத் தோப்பில் வைத்திருக்க மாட்டார்கள். இன்னொருவர் தோப்புக்கு ஏற்றிக்கொண்டும் போக மாட்டார்கள்.

அந்தப் பள்ளங்களை எழுதியது எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் புழு. வண்டு அரை அங்குலம்தான் இருக்கும், நகைக்கடைப் பச்சைக்கல் போல மின்னும். பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே போய், மரம் தண்ணீரும் சத்தும் கடத்துகிற அடிப்பட்டையைத் தின்றுகொண்டே நெளிந்து போகும். சில வருடத்தில் மரம் உச்சியிலிருந்து காய்ந்து வரும். வளர்ந்த வண்டு வெளியே வரும்போது பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு சின்ன ஓட்டை விட்டுப் போகும். வெட்டி அடுக்கிய விறகுக்குள் இருக்கும் புழுவும் வளர்ந்து வெளியே வரும் என்பதுதான் நமக்கான சேதி.

இந்த வண்டை இந்தக் கண்டத்தில் முதன்முதலாக 2002இல் அடையாளம் கண்டது டெட்ராய்ட் அருகேதான், அதாவது நாம் வீடு வாங்கியிருக்கிற இதே பக்கம். ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து வந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கண்டுபிடிப்பதற்கு முன்பே பல வருடம் இங்கே குடியிருந்திருக்கிறது. தெருவோரங்களில் ஒரு காலத்தில் எல்ம் மரங்கள் நின்றன. அவை நோயில் சாய்ந்தபோது அந்த இடத்தில் வரிசை வரிசையாக ஆஷ் நட்டார்கள். வண்டுக்குப் பந்தி போட்ட மாதிரி ஆயிற்று. மிச்சிகனில் மட்டும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயின. இன்று 35க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த வண்டு இருக்கிறது. தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில மைல்தான் போகும். மிச்சத் தூரத்தை நர்சரிக் கன்றுகளிலும், அறுத்த மரத்திலும், வாரக் கடைசியில் ஏரிக்குப் போன குடும்பங்களின் விறகுக் கட்டிலும் ஏறிப் போனது. மிச்சிகனின் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் இணைக்கும் மக்கினாக் பாலத்தருகே காரை நிறுத்தி விறகு இருக்கிறதா என்று சோதித்த காலம் ஒன்று இருந்தது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

நானும் யோக்கியன் இல்லை. இங்கே வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப் போட்ட மரத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வடக்கே போனேன். என்ன மரம் என்றுகூடக் கேட்கவில்லை. ஓசியில் கிடைத்தது, எரியும், அவ்வளவுதான் அன்றைக்கு என் தாவரவியல்.

இதைச் சொன்னதும் குழுவில் ஒருவர் கேட்டார்: "அதான் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டதே. அரசாங்கமே 2021இல் தடையை எடுத்துவிட்டது. இனிமேல் கொண்டுபோனால் என்ன?" நியாயமான கேள்வி. வண்டு பரவிய இடங்களிலிருந்து ஆஷ் மரத்தை வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்திய தனிமைப்படுத்தல் விதியை மத்திய அரசு நீக்கியது உண்மைதான், ஆனால் விறகு நல்லதாகிவிட்டது என்பதால் நீக்கவில்லை, அந்த விதியால் வண்டை மடக்க முடியவில்லை என்பதால். இன்னொன்று, விறகில் ஏறிப் போவது ஆஷ் வண்டு மட்டும் இல்லை. ஓக் மரங்களை வாட்டும் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் இருக்கிறது. செவ்வோக் வகையில் பிடித்தால் சில வாரத்தில் மரம் காலி. நோய் கண்ட மரத்தின் பட்டையோடு கூடிய விறகு அதைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும். ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை என்ற தத்துப்பூச்சியை மிச்சிகனில் முதன்முதலில் 2022இல் பார்த்தது பான்டியாக்கில். அதுவும் நம் ஓக்லண்ட் கவுன்டிதான். அது மரம், கல், நாற்காலி எதன் மேலும் சேறு அப்பிய மாதிரி முட்டையிடும். நாளைக்கு வரப்போவது எது என்று யாருக்கும் தெரியாது. 2002க்கு முன் இந்தப் பச்சை வண்டும் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சரி, இன்டர்லாக்கனுக்கு வருவோம். நாம் கூடாரம் போடுகிற இடம் சாதாரண இடம் இல்லை. ஒரு பக்கம் டக் லேக், மறுபக்கம் கிரீன் லேக், நடுவே பைன் மரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிச்சிகனின் பைன் காடுகளை ஏறத்தாழ மொட்டையடித்து மரக்கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பித்து நின்ற பழைய மரங்களில் கொஞ்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று மாநில சட்டமன்றம் 1917இல் 60,000 டாலர் கொடுத்து இந்த நிலத்தை வாங்கியது. மிச்சிகனில் இப்படி மாநிலம் அமைத்த முதல் ஸ்டேட் பார்க் இதுதான் என்பார்கள். நீங்கள் துணி காயக் கயிறு கட்டும் மரத்தை ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். அப்புறம் கயிற்றை வேறெங்காவது கட்டுங்கள்.

ஆஷ் மரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த ஏரிகளைச் சுற்றிக் காலங்காலமாக வாழும் ஒடாவா, ஒஜிப்வே, பொட்டாவாட்டமி மக்கள் கறுப்பு ஆஷ் மரத்தில் கூடை முடைவார்கள். முடைவது கிடக்கட்டும், நார் எடுப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஈர மரத்துண்டைக் கிடத்திக் கோடாலியின் பின்பக்கத்தால் அங்குலம் அங்குலமாக அடித்துக்கொண்டே போவார்கள். அடிக்க அடிக்க வருட வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நீள நாராக உரிந்து வரும். ஒரு நார் என்பது மரத்தின் ஒரு வருடம். பனையோலையைக் கிழித்துப் பெட்டி முடைந்த பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை சட்டென்று பிடிபடும். அந்த மரம் இல்லாமல் அந்தக் கூடை இல்லை. விதைகளைச் சேர்த்து வைக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், நல்ல மரம் கிடைப்பது மட்டும் வருடா வருடம் கடினமாகிறது.

அன்று அந்த வேன் விறகை என்ன செய்தோம்? திருப்பி எடுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் அதே கதை. அன்றிரவே கடைசிக் கட்டை வரை எரித்தோம். உதிர்ந்த பட்டையைப் பொறுக்கி நெருப்பில் போட்டோம். வேனின் தரையைப் பெருக்கி அந்தத் தூளையும் போட்டோம். நெருப்பு வளையத்தருகே நிற்க முடியாத சூடு. சோளம் சுட்டவர்கள் கரியைத்தான் சாப்பிட்டார்கள்.

இனிமேல் விறகைப் போகிற இடத்தில் வாங்குவோம். பார்க்கின் உள்ளேயே விற்கிறார்கள். சூடேற்றிப் பூச்சி நீக்கியது என்று முத்திரையிட்ட கட்டு என்றால் இன்னும் நல்லது. பார்க்குக்குக் கடைசி சில மைலில் வீட்டு வாசல்களில் விறகுக் கட்டை அடுக்கி, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார். பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், இருபது டாலரைப் போட்டுவிட்டுத் தகரப் பெட்டியிடம் பாக்கி கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. பட்டியலில் விறகுக்கென்று ஒரு வரி சேர்த்து, வீட்டுக்கு இருபது டாலர் என்று பிரித்துவிடுகிறேன்.

விறகு மட்டும்தானா என்றால், நாம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. இட்லிப் பானையும் வரட்டும், கேரம் போர்டும் வரட்டும். ஆனால் குக்கர்! அங்கே இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம். நாம் காலை ஆறரைக்குப் பொங்கலுக்கு நாலு விசில் விடுகிறோம். பைன் காட்டில், தண்ணீரின் மேல், அந்த விசில் எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வருடம் முன் அடுத்த சைட்டுப் பெரியவர் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்து ஏதாவது வெடிக்கப்போகிறதா என்று கேட்டார். அப்புறம் அதே பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார் என்பது வேறு கதை. பொங்கல் எட்டரைக்கு. அதுவரை ரொட்டியும் ஃபிளாஸ்க் காப்பியும்.

ஸ்பீக்கரும் வேண்டாம். சாலைக்கு அந்தப்புறம் 1928இல் தொடங்கிய இசை முகாம் இருக்கிறது. காற்று வாட்டமாக இருந்தால் சில மாலைகளில் பிள்ளைகள் வயலின் வாசிப்பது மரங்களுக்கிடையே லேசாகக் கேட்கும். அதன் மேல் நம்முடைய குத்துப்பாட்டு. போன தடவை ரேஞ்சர் வந்து மிக மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பாத்திரத்தைக் குடிதண்ணீர்க் குழாயடியில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றுங்கள். சோற்றுப் பருக்கை விழுந்த இடத்துக்கு ரக்கூன் வரும். கூலர் பெட்டியின் கொக்கியைத் திறந்து தயிர்சாதத்தை மட்டும் தின்றுவிட்டு ஊறுகாயை விட்டுச் சென்ற ரக்கூனை நாம் எல்லோரும் அறிவோம். இரவில் கூலர் காருக்குள்தான்.

பிள்ளைகளைத் தண்ணீரில் விடுகிறவர்கள் கவனத்துக்கு: மிச்சிகன் ஸ்டேட் பார்க் கரைகளில் லைஃப்கார்டு கிடையாது. ஒரு பெரியவர் கையில் போன் இல்லாமல் கரையில் நிற்க வேண்டும், அரை மணிக்கு ஒரு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மிச்சிகன் ஏரிப் பக்கம் போகிற நாளில் கொடியைப் பாருங்கள். சிவப்பு பறந்தால் கரையில் மணல்வீடு கட்டுவது போதும்.

ஒரு சைட்டுக்கு ஒரு குடும்பம், அல்லது ஆறு பேர். அதனால் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளின் எண்ணிக்கையை இப்போதே சொல்லுங்கள். கழிப்பறைக்கு அருகே இரண்டு சைட் அவர்களுக்காகப் பிடிக்கப் பார்க்கிறேன். ஜூலை 24, வெள்ளிக்கிழமைக்கு வருவதாக இருந்தால் ஜனவரி 24 காலை 7.50க்கு லேப்டாப் முன்னால் ஐந்து பேர் உட்கார வேண்டும். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் மூன்று. கார் நம்பர் பிளேட்டில், ஸ்டேட் பார்க்குக்குள் காரோடு நுழைவதற்கான அனுமதியான ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்டின் 'பி' எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா இந்தக் கோடையிலும் வருகிறார். தோசைக்கல் இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
உங்கள் பட்டியல்காரன்
நோவை, மிச்சிகன்