அறுபது அடி இல்லை அண்ணே, 52 தான்

அண்ணே,

என்னையே நான் வரைந்த அந்தப் படத்தை விற்றுவிட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் நீ படிப்பாயா என்று எனக்குத் தெரியாது. ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஃபோனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டியா, அங்க மழையா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா, வச்சிடவா. நாற்பது விநாடி. அதற்குள் இதை எங்கே சொருகுவது?

இன்றைக்கு நவம்பர் 16. கஜா புயல் வந்து ஏழு வருஷம். அந்த ராத்திரியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, விடிந்ததும் முதல் ஆளாகத் தென்னந்தோப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நீதான். வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஏறுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னாய். பிறகு விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதை வெட்டி அப்புறப்படுத்துகிற கூலியும் சேர்த்து. மரம் வைத்திருந்தவர்களுக்கே அது காணாது. காய் பறிக்க ஏறினவனுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. நீ திருப்பூருக்கு பஸ் ஏறினாய். சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

அண்ணி ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல பாப்பா எங்க? மண்டைதான தெரியுது" என்றாயாம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, நான் எங்க இருக்கேன்?" என்றும் கேட்டாயாம். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் தோப்புக்காரர் பேரும் ஊர் பேரும் போடவில்லை. பேராவூரணிப் பக்கம், புது ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஓர் ஊர், அது போதும். என்னோடு காலேஜில் படித்தவர்கள் இரண்டு மூன்று பேரும் படிப்பார்கள். உங்கள் பேரில் எந்தத் தப்பும் இல்லை, உங்களுக்கு அன்றைக்கு எதுவுமே தெரியாது. அதற்குமேல் உங்களிடம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

2016 ஆடி. கும்பகோணத்தில் ஓவியம் மூன்றாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அவுட்டோருக்கு மனோராவுக்கு வந்திருந்தோம். எங்கோ ஐரோப்பாவில் வெள்ளைக்காரன் நெப்போலியனைத் தோற்கடித்ததற்கு 1814-ல் சரபோஜி ராஜா நம் கடற்கரையில் எழுப்பின கோபுரம், அதை வரைய நாங்கள் எட்டுப் பேர். காலையில் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அதோ, எங்க தோப்பு" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் வீட்டுத் தோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். அதோடு, நம் தாத்தா ஏறினது, அப்பா ஏறினது, நீ ஏறினது எல்லாம் அந்தத் தோப்புதானே, எங்க தோப்பு என்றால் அது அப்படியொன்றும் முழுப் பொய் இல்லை. பார், இப்போதும் வக்கீல் மாதிரிதான் பேசுகிறேன்.

திரும்பி வரும்போது கைகாட்டியில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். நடப்போம் என்றார்கள். மணி இரண்டு இருக்கும். நல்ல வெயில், ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. மோட்டார் கொட்டகை தாண்டி மதகுக்கிட்ட வரும்போது மேலே இருந்து, "பாப்பா!"

ஒரே ஒரு தடவைதான். உன் குரல் காற்றில் எப்போதும் கொஞ்சம் இழுபடும். நான் நிமிரவில்லை. பக்கத்தில் வந்தவள், "உன்னையா கூப்பிடுறாங்க?" என்றாள். "வேற யாரையோ" என்றேன். இரண்டே வார்த்தை.

ஆனால் நான் உன்னைப் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நேர் முன்னால் ரோட்டில் அந்த மரத்தின் கொண்டை நிழலாக விழுந்திருந்தது, காற்றுக்கு மட்டைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற நிழலுக்கு ஓரம் இருக்காது, தண்ணீரில் கரைந்த மை மாதிரி இருக்கும். அதற்கு நடுவில் ஒன்று மட்டும் காற்று அடிக்கிற பக்கம் போகாமல் தனியாக ஆடியது. உன் துண்டு. துண்டை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தாய். ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆடிக் காற்றில், எனக்காகத் துண்டை ஆட்டினாய். நான் அந்த நிழலை மிதித்துக்கொண்டு போனேன். மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போக ரோட்டில் இடம் இருந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய். நெஞ்சில் காய்ப்பு உரிந்திருந்த இடத்தில் அம்மா எண்ணெய் தடவினாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து கை கழுவப் போகும்போது, "வெயில்ல போறப்ப குடை எடுத்துட்டுப் போ" என்றாய். அவ்வளவுதான். இன்று வரை அவ்வளவுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும், நானும் அழுது முடித்திருப்பேன். நீ திட்டவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டாய். இரண்டு வருஷம் கழித்துச் சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில், பந்தியில், அத்தனை பேர் நடுவில், "இவ படிச்ச ஒவ்வொரு வருஷமும் நானூறு மரம்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு ட்யூப் வெள்ளை வாங்கப் போனால்கூட இது எத்தனை மரம் என்று மனசு கணக்குப் போடும். நீ ஏறினது எனக்காக என்பது உண்மை. ஏறச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். அப்பா விழுந்த பிறகு யாராவது ஏறித்தான் ஆகவேண்டும் என்று இருந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு.

இதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

முதல் வருஷம் கண்ணாடியைப் பார்த்து நான் வரைந்த செல்ஃப் போர்ட்ரெய்ட் ஞாபகம் இருக்கிறதா? சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். எல்லாரும் அப்படியே இருக்கு, அச்சு அசல் என்றார்கள். நீ மட்டும், "மச்சம் அந்தப் பக்கம்ல இருக்கும்?" என்றாய். கண்ணாடியில் அப்படித்தான் தெரியும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "கண்ணாடிய யாரு கேட்டா, நான் பாக்குறதச் சொல்றேன்" என்றாய். வகுப்பில் எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள், எர்ன்ஸ்ட் மாக் என்று ஓர் இயற்பியல்காரர், 1886-ல் வந்த தன் புத்தகத்தில், இடது கண்ணுக்கு அவரே எப்படித் தெரிகிறார் என்று வரைந்து போட்டிருப்பார். ஓரத்தில் மூக்கு, மீசை, அப்புறம் நீட்டிப் படுத்திருக்கிற உடம்பு, கால். தலையே இருக்காது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். ஆனால் அவரும் தன் கண்ணால்தானே பார்த்தார். எனக்கு உன்னுடைய பேச்சுதான் மனதில் நின்றது.

அதனால்தான் போன வருஷம் தை மாசம் நாலடிக்கு மூன்றடி கான்வாஸ் அடித்து, அன்றைக்கு இரண்டு மணிக்கு உன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேனோ அதை வரைய உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உச்சந்தலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முகத்தைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். ஃபோனைத் தொரட்டிக் கோலில் கட்டித் தூக்கிப் பிடித்தேன். என் வகிடு கோணல் அண்ணே, சுழிக்கிட்டப் போகும்போது வலது பக்கம் வெட்டிக்கொண்டு போகிறது. அம்மா சின்ன வயசில் இதற்காகத்தான் சீப்பால் மண்டையில் அடித்தாளா?

ஆறு மாசம் வரைந்தேன். எல்லாம் வந்தது, படம் மட்டும் வரவில்லை. ரோட்டில் எனக்கு அழகாக ஒரு நிழல் போட்டிருந்தேன், நீலமும் காவியும் கலந்து. அதுதான் இடித்தது, ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் ஆடியில் ஊருக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் எதற்கு என்பாய். வழக்கமாக ஜூன் 12-க்குத் திறக்கிற மேட்டூரை போன வருஷம் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். நான் போனது அதற்கு முந்தின வாரம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது, உள்ளே இறங்கி டேப் பிடிக்கச் சௌகரியமாகப் போனது. மரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு. மோட்டார் கொட்டகை மூலை மரம் என்பதால் இடம் தப்பவில்லை. அங்கிருந்து மதகு 26 அடி. இரண்டு மணிக்கு நாலடிக் குச்சியை நட்டு வைத்தேன், நிழல் சரியாக இரண்டடி. 26 அடி நிழல் விழுந்தால் மரம் 52 அடி. நீ எல்லாரிடமும் அறுபது அடி, அறுபது அடி என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அது இனிமேல் செல்லாது.

கல்யாணம் எடுக்கிற தம்பி ஒருவன் ட்ரோன் கொண்டு வந்திருந்தான். மேட்டுக்கு நேர் மேலே 52 அடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் மதகுக்கிட்டப் போய் நின்றேன். நிமிராமல்தான். அப்புறம் அந்தச் சின்னத் திரையில் பார்த்தபோது வயிற்றை என்னவோ செய்தது. ஐந்தடி மனுஷி அங்கிருந்து இரண்டேகால் அடிக்குச் சுருங்கிப் போகிறாள். தலை, தோள், பையின் வாய், செருப்பு நுனி. நிழல் இல்லை. பட்டப்பகல் வெயிலில் நிற்கிறேன், என் நிழல் எங்கேயும் இல்லை.

யோசித்தால் ரொம்பச் சாதாரண விஷயம். உன் நிழல் விழுகிற இடத்தில் நான் நின்றால் சூரியன், நீ, நான் மூன்றும் ஒரே கோடு. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, வெயில் வருகிற வழியிலேயே நீ என்னைப் பார்க்கிறாய். என் நிழல் எனக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், உனக்குத் தெரியவே தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். ஊரிலிருந்து திரும்பின அன்றே கத்தியை எடுத்து நிழலைச் சுரண்டினேன்.

சென்னையில் படம் மாட்டியிருந்தபோது ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். நிழல் இல்லாத பெண் எதன் குறியீடு என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர், பேயா என்றார். முகத்தை ஏன் மறைத்தீர்கள், இது எப்படி செல்ஃப் போர்ட்ரெய்ட் ஆகும் என்றும் கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. அன்றைக்கு நிமிரவில்லை, அதனால் தெரியவில்லை. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது, சிரித்து வைத்தேன்.

நீ எங்கே என்று கேட்டாய் அல்லவா. என்னைச் சுற்றி ரோட்டில் மங்கலாக இருப்பதெல்லாம் கொண்டை நிழல். என் வலது கைக்குப் பக்கத்தில், செருப்புக்குச் சற்று முன்னால், மட்டை நிழல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, ஒரு தீற்றல் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். பிரஷ் ஒத்து வராமல் விரலால் தேய்த்தது. அண்ணி ஃபோனில் தெரியாது, எந்த ஃபோனிலும் தெரியவில்லை, நானும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஏன் விற்றாய் என்று கேட்பாய். வாடகை மூன்று மாசம் பாக்கி, அது ஒன்று. தினமும் காலையில் எழுந்ததும் அதைப் பார்க்க முடியவில்லை, அது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று கேட்காதே. தொகையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் உட்கார்ந்து மரக்கணக்கில் மாற்றிப் பார்ப்பாய். வாங்கினவர்களிடம் தலைப்பு மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "பாப்பா" என்றுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பேக்கிங் ஆள் வருகிறார். சனிக்கிழமை சம்பளத்தை விட்டுவிட்டு நீ கிளம்ப மாட்டாய் என்று தெரியும். வியாழன் ராத்திரி ஏறினால் திருச்சியில் மாறி வெள்ளி விடிகாலை தஞ்சாவூர் வந்துவிடலாம், சாயங்காலமே திரும்பினாலும் ஒரு நாள் லீவுதான் போகும். ஒரு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் ஒன்றும் தூக்கில் போட மாட்டார், கேட்டுப் பார். முடியாது என்றால் அதையாவது ஃபோனில் சொல், வச்சிடவா என்று வைத்துவிடாதே.

இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. குடை எடுத்துக்கொண்டு வா.

பாப்பா