சங்கிலி கழன்றால் முதலில் அளவெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை மிதிவண்டிகளின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முன்புறம் ஒரே பற்சக்கரம் கொண்ட வண்டிகளில் சங்கிலி கரகரப்பதற்கும் கழல்வதற்கும் கியர் மாற்றும் பாகமான பின்புற டீரெய்லரின் திருகுகளைத் திருத்துவதே தீர்வு என்று அதில் கூறப்பட்டிருந்தது. கோத்தகிரியில் மிதிவண்டி பழுதுபார்ப்பவன் என்ற முறையில், அந்த அறிவுரை முழுமையானதன்று என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். அதை மட்டும் நம்புகிறவர்கள் நல்ல நிலையில் உள்ள சங்கிலியையும், பின்சக்கரத்தின் பல் வட்டு அடுக்கான கேசட்டையும் மாற்றிச் செலவழித்துவிட்டு, அதே கோளாறோடு மறுபடியும் கடைக்கு வருவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

முன்புறம் மூன்று பற்சக்கரங்கள் இருந்த காலத்தில், கேசட்டின் எந்தப் பகுதியில் ஓட்டுகிறோமோ அதற்கு நேராக உள்ள முன் பற்சக்கரத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. 2012-ஆம் ஆண்டு ஸ்ராம் நிறுவனம் 11 கியர் கொண்ட எக்ஸ்எக்ஸ்1 தொகுதியை வெளியிட்ட பிறகு ஒற்றைப் பற்சக்கர முறை வேகமாகப் பரவியது. இன்று 12 கியர் கேசட் பரவலாகிவிட்டது. அந்தக் கேசட்டின் பெரிய வட்டுக்கும் சிறிய வட்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 மி.மீ. இடைவெளி உண்டு. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு பற்சக்கரம் அவ்வளவு அகலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், அது நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் தவறினாலும் சங்கிலி ஒரு பக்கமாக அளவுக்கு மீறிச் சாய்ந்துவிடுகிறது. ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பற்சக்கரத்தின் பல்லின் நடுப்பகுதி வரை உள்ள இந்தத் தூரத்தையே செயின்லைன் என்கிறோம்.

இக்கோளாறைக் கண்டறியும் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, சங்கிலியைப் பின்புறத்தின் மிகப் பெரிய வட்டில் ஏற்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சங்கிலி தானாகவே அடுத்த சிறிய வட்டுக்கு இறங்கிவிட்டால், முன் பற்சக்கரம் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கிறதா என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். ஏனெனில் முன்னோக்கி மிதிக்கும்போது சங்கிலி கீழ்ப்புறத்திலிருந்து, டீரெய்லரின் சிறு சக்கரங்களால் வழிநடத்தப்பட்டு, கேசட்டில் ஏறுகிறது. பின்னோக்கிச் சுற்றும்போதோ மேற்புறத்தின் வழியாக, முன் பற்சக்கரம் காட்டும் திசையை மட்டும் நம்பி ஏறுகிறது. அங்கே டீரெய்லருக்கு வேலையே இல்லை. ஆகவே அதன் திருகுகளை எத்தனை முறை முறுக்கினாலும் இந்தக் கோளாறு தீராது. பாறைகளில் பெடல் இடிக்காமல் இருக்கப் பாதிச் சுற்று பின்னோக்கி மிதிக்கும் பழக்கம் மலைப்பாதை ஓட்டிகளுக்கு உண்டு. அடுத்த மிதியில் முழு பாரத்தோடு சங்கிலி துள்ளுவது அப்போதுதான்.

அளவெடுப்பதற்கு வெர்னியர் அளவி ஒன்று போதும். சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து பல்லின் நடுப்பகுதி வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டும் பழைய முறை இன்றைய வண்டிகளில் பலவற்றுக்குப் பொருந்தாது. அவற்றின் சீட் குழாய் வளைந்தோ நடுவிலிருந்து விலகியோ இருக்கிறது. அதைவிட, பெடல் அச்சு செல்லும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் விளிம்பிலிருந்து அளப்பது நம்பகமானது. கூட்டின் அகலம் 73 மி.மீ. என்றால் அதில் பாதியான 36.5 மி.மீ.யுடன், விளிம்பிலிருந்து பல் வரை உள்ள தூரத்தைக் கூட்டினால் கிடைப்பதே செயின்லைன்.

கிடைத்த எண்ணைப் பின்சக்கரத்தின் மையப் பாகமான ஹப்பின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். ஹப் 142 மி.மீ. எனில் 49 மி.மீ.க்கு அருகிலும், பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. ஹப் எனில் 52 மி.மீ.க்கு அருகிலும் இருப்பது வழக்கம். அண்மைக்கால பூஸ்ட் வண்டிகள் சிலவற்றைத் தயாரிப்பாளர்களே 55 மி.மீ.க்கு வடிவமைக்கிறார்கள்; அந்த வண்டிகளில் அதுவே சரியான அளவு. சிக்கல் எழுவது பாகங்கள் கலந்துவிடும்போதுதான். பெடல் கரமான கிராங்கில் நேரடியாகப் பொருந்தும் ஸ்ராம் பற்சக்கரங்களில் 6 மி.மீ. உள்வாங்கியது ஒரு வகை, 3 மி.மீ. உள்வாங்கியது இன்னொரு வகை. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். 142 மி.மீ. ஹப் கொண்ட வண்டியில் பின்னதைப் பூட்டிவிட்டால், பற்சக்கரம் 3 மி.மீ. வெளியே போய்விடும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறவர் பெரும்பாலான நேரம் பெரிய வட்டுகளிலேயே மிதிக்கிறார். மேடு முழுவதும் சங்கிலி மிகச் சாய்ந்த நிலையிலேயே பாரத்தை இழுக்கிறது.

மூன்று பற்சக்கர வண்டிகளை ஒற்றையாக மாற்றுவதில் இன்னும் பெரிய தவறு நேர்கிறது. போல்ட்டுகள் 104 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்த நான்கு போல்ட் கிராங்கில் புதிய பற்சக்கரம் நடு இடத்தில் அமர வேண்டும். ஃப்ரேமில் உரசுகிறது என்பதற்காக அதை வெளி இடத்தில் பூட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வாறு செய்தால் பெரிய வட்டுகளைப் பயன்படுத்தவே முடியாமல் போகும். உரசினால் பல் எண்ணிக்கை குறைந்த பற்சக்கரத்தைப் போடுவதே முறை.

திருத்துவதற்குப் பெரும் செலவு ஆவதில்லை. ஷிமானோவின் ஹாலோடெக் வகை பாட்டம் பிராக்கெட்டில் 2.5 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் வளையங்கள் உண்டு. 68 மி.மீ. கூட்டுக்கு வலப்புறம் இரண்டும் இடப்புறம் ஒன்றும், 73 மி.மீ. கூட்டுக்கு வலப்புறம் ஒன்று மட்டும் என்பது பொதுவான அமைப்பு. வலப்புற ஸ்பேசர் ஒன்றை இடப்புறம் மாற்றினால் பற்சக்கரம் 2.5 மி.மீ. உள்ளே வரும். ஆனால் அதைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. மொத்த எண்ணிக்கை குறைந்தால் கிராங்கில் ஆட்டம் ஏற்பட்டு பேரிங் கெடும். மாற்றிய பிறகு பற்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் இடையே 2, 3 மி.மீ. இடைவெளியாவது எஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அழுத்தி மிதிக்கும்போது ஃப்ரேம் சற்று நெளியும்.

எல்லாக் கரகரப்புக்கும் செயின்லைனே காரணம் என்று நான் சொல்லவில்லை. வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அதற்கான அளவுகோலை வைத்து நிமிர்த்தாமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது. 11, 12 கியர் சங்கிலி 0.5 சதவீதம் நீண்டுவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும். கேசட்டின் நடு வட்டுகளிலும் சங்கிலி முன்புறம் கழன்றால், சங்கிலியை இறுக்கமாக வைத்திருக்கும் டீரெய்லரின் கிளட்ச் தளர்ந்ததையோ முன் பற்சக்கரம் தேய்ந்ததையோ பார்க்க வேண்டும். ஆயினும் பெரிய வட்டில் மட்டும் தோன்றும் கோளாறுக்கு அளவெடுக்காமல் பாகங்களை மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கிராங்க், முன் பற்சக்கரம் ஆகியவற்றை விற்கும் கடைக்காரர்கள், அப்பாகம் எத்தனை மி.மீ. செயின்லைனுக்கு உரியது என்பதை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். வாங்குகிறவர்களும் தம் வண்டியின் ஹப் அகலத்தையும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். தங்கள் இணைப்பின் அடுத்த பராமரிப்புக் கட்டுரையில் இந்த அளவெடுக்கும் முறையைப் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மிதிவண்டிப் பழுதுபார்ப்பவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.