வந்த ஆட்டக்காரர் ஏன் திரும்பிப் போகிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர்ந்து தோற்று, ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக இழந்து, கடைசியில் பதினொரு பேரைக் களத்தில் இறக்கவே திணறும் ஹாக்கி அணிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் நாலு பேரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கிளப் அணியில் ஆட்டக்காரனாகவும், பின்னர் மேலாளராகவும் இருந்தவன் நான். அந்த யோசனையை நானும் ஒரு காலத்தில் நம்பி, அதன்படி நடந்து, அணியை இன்னும் பலவீனமாக்கியிருக்கிறேன். ஆட்கள் வராததால் அணிகள் தேய்வதைவிட, வந்தவர்கள் தங்காததால் தேய்வதே அதிகம் என்று இன்று உறுதியாகக் கருதுகிறேன். அதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஒரு லீக் ஆட்டத்தன்று எங்களிடம் ஒன்பது பேர்தான் இருந்தனர். ஒத்திவைக்கக் கேட்டால் புள்ளிகள் போய்விடும் என்பதால் ஒன்பது பேருடனே ஆடி, எட்டு கோல் வாங்கினோம். தோல்வி புதிதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து கை கொடுக்கப் போனபோதுதான், எதிரணியின் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் முன்பு எங்களிடம் ஆடிய மூன்று பேர் நிற்பதைக் கவனித்தேன். மூவரும் எங்கள் மைதானத்தில் ஸ்டிக் பிடிக்கக் கற்றவர்கள். அன்றிரவு வருகைப் பதிவேட்டை எடுத்து, மூன்று ஆண்டுகளில் பயிற்சிக்கு வந்து நின்றுபோனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு அணிகளுக்குப் போதுமான பெயர்கள் இருந்தன.

அடுத்த இரண்டு வாரங்களில் அவர்களில் பெரும்பாலோரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் போனேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஓர் இளைஞர், ஏழு வாரங்கள் தவறாமல் பயிற்சிக்கு வந்து, ஆட்ட நாள்களில் பந்துப் பையைச் சுமந்து, ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கப்படாமல், ஒவ்வொரு முறையும் "அடுத்த ஆட்டத்தில் பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டே சலித்துப்போனதாகச் சொன்னார். அந்தப் பதிலைச் சொன்னவன் நான்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னொருவர், வேலை நேரம் மாறியதால் நான்கு வாரங்கள் வர முடியாமல் போனதாகவும், ஐந்தாம் வாரம் வரலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்ததாகவும், கிளப்பிலிருந்து யாராவது ஒரு முறை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றும் சொன்னார். அந்த ஓர் அழைப்பைச் செய்ய எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எனவே, ஆள் சேர்ப்புக்காகச் சுவரொட்டி ஒட்டுவதற்கும் பள்ளி கல்லூரிகளுக்குப் போவதற்கும் முன்னதாக, ஒவ்வோர் அணியும் தன்னைவிட்டுப் போனவர்களை அழைத்துப் பேச வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். போனவர்களில் ஐந்தில் ஒருவர் திரும்பினாலும், அவர் ஆட்டம் தெரிந்தவர்; அணிக்குப் பழக்கமானவர். மற்றவர்கள் திரும்பாவிட்டாலும், அணியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

களத்தில் இறங்கும் வாய்ப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய ஹாக்கி விதிகளின்படி, பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே அனுப்பித் தாக்கும் வாய்ப்பு) நடக்கும் நேரம் தவிர, ஆட்டத்தை நிறுத்தாமலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகலாம். பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடும் முறையும், செயற்கைப் புல்தரையின் வேகமும் சேர்ந்து, பதினொரு பேர் மட்டும் கடைசிவரை ஓடிச் சமாளிப்பதை மிகவும் கடினமாக்கிவிட்டன. முன்கள ஆட்டக்காரர்களைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றுவது சர்வதேச அணிகளில் அன்றாட வழக்கம். அதாவது, புதியவர்களுக்கு இடம் கொடுக்க இந்த ஆட்டத்தின் விதியே வழி செய்து வைத்திருக்கிறது. தோற்கும் அணிகளின் பயிற்சியாளர்களோ, இன்னும் ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில், களைத்துப்போன பழைய ஆட்டக்காரர்களையே அறுபது நிமிடங்களும் ஓடவிடுகிறார்கள். நான்கு கோல் பின்தங்கிய ஆட்டத்தில் ஒரு புதியவரைப் பத்து நிமிடம் ஆடவிடுவதால் இழக்க என்ன இருக்கிறது? அந்தப் பத்து நிமிடம்தான் அவரை அடுத்த வாரமும் வரவைக்கும்.

நான் மேலாளராக இருந்த கடைசி இரண்டு சீசன்களில், பெயர்ப்பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தில் குறைந்தது பத்து நிமிடமாவது ஆடுவார் என்று எழுதி, உடைமாற்றும் அறையின் கதவில் ஒட்டினோம். மூத்த ஆட்டக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடன் நடந்த வாக்குவாதங்கள் எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் சீசனில் கடைசி இடத்தில்தான் முடித்தோம். ஆனால் சீசன் முடியும்போது பட்டியலில் பத்தொன்பது பேர் இருந்தனர்.

அடுத்து, கோல்கீப்பர். தடுமாறும் அணிகளில் முதலில் காலியாவதும் கடைசியில் நிரம்புவதும் இந்த இடம்தான். காரணம் எல்லோருக்கும் தெரியும்: தோற்கும் அணியில் எல்லாப் பழியும் அவர்மேல் விழுகிறது, உபகரணங்களின் விலையும் அதிகம். எங்கள் கிளப்பிலிருந்த செட்டில் ஒரு கிக்கரின் (பாதக் காப்பின்) வார் அறுந்து, ஷூ லேஸால் கட்டப்பட்டிருக்கும். ஹெல்மெட்டின் உள்பஞ்சு பிய்ந்து போயிருக்கும். கால் பேட்கள் போன வாரத்து ஈரத்துடன் பைக்குள்ளேயே கிடந்து நாறும். அதைப் புதிதாக வந்த ஒருவரிடம் நீட்டி, "நீ கோலில் நில்" என்றால் அவர் மறுவாரம் வருவாரா? கிளப்பிடம் இருக்கும் பணத்தில் முதல் செலவு ஒரு நல்ல கோல்கீப்பர் செட்டாக இருக்க வேண்டும். அது கிளப்பின் சொத்தாக இருந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் காயவைத்துப் பராமரிக்கப்பட வேண்டும். கூடவே, தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு இரவல் கொடுக்க ஆறேழு ஸ்டிக்குகளும், முன்காலுக்கான காப்பான ஷின் கார்டுகளும் வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் மைதானத்துக்கு வருபவரும் அன்றே ஆடிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற நிலை இருந்தால்தான் புதியவர்கள் வருவார்கள்.

கோல்கீப்பர் வேண்டுமென்றால் ஹாக்கிக்கு வெளியேயும் தேட வேண்டும். டோக்கியோ, பாரிஸ் என இரு ஒலிம்பிக்கிலும் இந்திய அணிக்கு வெண்கலம் பெற்றுத் தந்தவர்களில் முக்கியமானவரான பி.ஆர்.ஸ்ரீஜேஷ், சிறுவயதில் ஹாக்கியைத் தேடிப் போனவர் அல்லர். திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று இருந்தவரை, ஒரு பயிற்சியாளர்தான் கோல்கீப்பராக்கினார். கைப்பந்து, கால்பந்து, தடகளம் ஆகியவற்றில் அணியில் இடம் கிடைக்காமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். வேகமும் துணிச்சலும் ஏற்கெனவே அவர்களிடம் உண்டு. ஸ்டிக் பிடிப்பதைத்தான் நாம் சொல்லித் தர வேண்டும்.

வெளியிலிருந்து பெரிய பெயர்களைக் கொண்டுவருவது பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு மனம் கசக்கிறது. பணம் கொடுத்து நாங்கள் அழைத்துவந்த இரண்டு ஃபார்வர்டுகள் அரை சீசன் ஆடினார்கள். பந்து எப்போதும் அவர்களுக்கே போக வேண்டும் என்று ஆனது. அவர்கள் போனபோது, அவர்களுக்காக உட்கார வைக்கப்பட்ட நால்வரும் சேர்ந்தே போய்விட்டார்கள். திறமையாளர்களைக் குவிப்பதாலேயே அணி எழுந்துவிடாது என்பதற்குப் பனி ஹாக்கி உலகில் தெளிவான சான்று இருக்கிறது. வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீகில், புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்நிலை அணிகளுக்கே முன்னுரிமை. அப்படி எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு 2010, 2011, 2012 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் தேர்வு கிடைத்தது. 2015-இல் மீண்டும் கிடைத்தது. ஆயினும் 2006-இல் இறுதிப் போட்டிவரை போயிருந்த அந்த அணி, அதற்கடுத்த பத்து சீசன்கள் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றையே எட்டவில்லை. அதே லீகில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ், 1998-இல் தேர்வு வரிசையின் 171-ஆவது இடத்தில் பாவெல் டட்சுக்கையும், 1999-இல் 210-ஆவது இடத்தில் ஹென்ரிக் செட்டர்பெர்க்கையும் எடுத்தது. எடுத்தவுடன் களத்தில் இறக்காமல், ரஷ்யாவிலும் ஸ்வீடனிலும் அவரவர் லீகுகளில் சில ஆண்டுகள் ஆடி முதிரவிட்ட பின்னரே அழைத்துக்கொண்டது. 2008-இல் அந்த அணி லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இவ்விருவரும் அதன் தூண்களாக இருந்தனர்.

நம் ஆட்டத்திலும் இதுவே நடந்திருக்கிறது. 1976-க்குப் பிறகு 2008 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் இடமே பெறாத பெல்ஜியத்தின் ஆண்கள் அணி, இளையோரைப் பொறுமையாக வளர்த்தெடுத்து, 2016-இல் வெள்ளி, 2018-இல் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம் என்று உயர்ந்தது. 2008-இல் தகுதி பெறாமலும், 2012-இல் பன்னிரண்டாவதாகக் கடைசி இடத்திலும் நின்ற இந்திய அணி, 2016-இல் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. அந்த ஜூனியர் அணியிலிருந்த ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார், சிம்ரன்ஜீத் சிங் உள்ளிட்டோர் டோக்கியோவில் ஆடினர். ஜெர்மனிக்கு எதிராக 1-3 எனப் பின்தங்கி 5-4 என வென்ற வெண்கல ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் அடித்தார். இவை நாட்டு அணிகள். அரசும் பெரும் பணமும் பின்னால் இருந்தவை. சிறிய கிளப்பின் நிலை வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இளையோர் அணியில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து மூத்தோர் அணியில் ஒருவரையொருவர் பார்க்காமலே பந்து கொடுக்கும் அளவுக்குப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது எந்த மைதானத்துக்கும் பொருந்தும். ஆகவே, பதினான்கு வயதுப் பிரிவு இல்லாத கிளப், பத்துப் பேரை வைத்தாவது அதைத் தொடங்க வேண்டும். ஐவர் ஹாக்கி என்ற வடிவம் இருக்கும்போது ஆள் குறைவு என்பது தடையே அன்று.

ஆட்டக்காரரை அழைக்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கே சேர்க்கிறேன். "நாங்கள் கடைசி இடத்தில் இருக்கிறோம், உங்களை மிட்ஃபீல்டில் ஆடவைக்க நினைக்கிறோம், வாரம் இரண்டு நாள் பயிற்சி, இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும், முதல் மாதம் பாதி நேரம்தான் களத்தில் இருப்பீர்கள்" என்று சொல்லி அழைத்தவர்களில் எங்களுக்கு மிகச் சிலரே நழுவினார்கள். பட்டம் வெல்லப் போகிறோம் என்று சொல்லி அழைத்தவர்கள் ஒரு மாதத்தில் போய்விட்டார்கள். பலமான அணியின் மாற்று வரிசையில் உட்கார்ந்திருக்கும் நல்ல ஆட்டக்காரருக்கு, பலவீனமான அணி தரக்கூடிய ஒரே விஷயம் ஆடும் நேரம். அதை வெளிப்படையாக, நிமிடக் கணக்கில் சொல்லிக் கொடுப்பதே அத்தகைய அணியின் பலம்.

நிறைவாக, தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. உள்ளூர் லீக் ஆட்டங்களின் முடிவைத் தாங்கள் ஓரிரு வரிகளில் வெளியிடுகிறீர்கள்; வென்ற அணியின் பெயரும் கோல் அடித்தவர்களின் பெயரும் அதில் இருக்கும். அத்துடன், அன்று முதன்முறையாகக் களமிறங்கிய ஆட்டக்காரரின் பெயரையும், தோற்ற அணியின் கோல்கீப்பர் பெயரையும் சேர்க்க முடியுமா? இடம் இருக்கும் வாரங்களில், ஆட்டக்காரர் தேவைப்படும் கிளப்புகளின் பயிற்சி நாளையும் நேரத்தையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட முடிந்தால், அந்தத் தகவல்களைத் திரட்டி ஒவ்வொரு புதன்கிழமையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் வேலையை நானே ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஒரு ஹாக்கி கிளப்பின் முன்னாள் மேலாளர்