குளிசையைப் பறிக்காதே, மச்சான்

அன்பு மச்சான் யோகனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி உன்னை உரித்து வைத்திருக்கிறாள், மூக்கைத் தவிர. இங்கே சிறுபோகம் வெட்டி முடிந்தது. இரணைமடுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குக் கடைசிவரை வந்ததால் நெல் பழுதில்லை. விலைதான் வழமைபோல அறுவடை நேரம் பார்த்து விழுந்துவிட்டது. மூத்தவனுக்கு முழங்காவிலுக்கு மாற்றம் வந்திருக்கிறது, மருமகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். "மறதி நோய் தொடங்கிவிட்டது போல, அந்த நித்திரைக் குளிசைகளை எல்லாம் பறித்து எறிந்துவிடு" என்று எழுதியிருந்தாய். மறதி நோய்தானா என்று இப்போதைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது. பறித்து எறியும் கதையைப் போனில்கூட ஒருவருக்கும் சொல்லிவிடாதே. பக்கத்து வீட்டுப் பிள்ளை உன் சொல்லுக்கு மறுசொல் பேசாது, அன்றே செய்துவிடும்.

நான் போனபோது பகல் பதினொரு மணி இருக்கும். முரசுமோட்டை வெயிலில் அம்மா விறாந்தைக் கதிரையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டவுடன் மட்டுக்கட்டி, "தம்பி, தேத்தண்ணி குடிக்கிறியே?" என்று கேட்டா. குடித்து முடித்த பிறகும் அதையே கேட்டா. முழங்கையில் பெரிய கண்டல். கிணற்றடியில் சறுக்கினதாம். குளிசையைக் காட்டச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கதைத்த பிறகு ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தா. உள்ளே லோரசபம் 1 மில்லிகிராம் அட்டைகள், டயசபம் 5 மில்லிகிராம் அட்டைகள், ரப்பர் வளையம் போட்டுத் தனித்தனியாக. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் பேனாவால் கோடுகள். எத்தனை முடிந்தது, எத்தனை மிச்சம் என்ற கணக்கு. வாழ்நாள் முழுக்க மருந்து கொடுத்த எனக்கு அந்தக் கோடுகளே போதுமாக இருந்தன. பிரஷர் குளிசைக்கு ஒருவரும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை, மச்சான்.

ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியில் லோரசபம் இருக்கிறது. டயசபம் வெளியில் ஒரு டொக்டர் எப்போதோ எழுதின துண்டுக்கு வாங்குவது. துண்டு மடிப்பில் கிழிந்து, எழுத்தும் மங்கிப் போயிற்று. ஆனாலும் ஒரு பாமசியில் அதைக் காட்டி ஓட்டோக்காரப் பெடியன் மாதாமாதம் வாங்கிவந்து கொடுக்கிறான். கொப்பி எழுதுகிற டொக்டருக்குத் துண்டு தெரியாது.

2009 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் தொடங்கியதாம். உன் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்த நாட்கள், உனக்குத் தெரியும். அன்று அரைக் குளிசை கொடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கூடாரங்களுக்குள் ஆர் நித்திரை கொண்டது? பிழை பிறகுதான் நடந்தது. கொப்பியில் "முன்போல" என்று எழுதி எழுதியே அரை ஒன்றாகி, ஒன்றுக்குத் துணையாகப் பகலில் டயசபமும் வந்துவிட்டது. கிளினிக் நாளில் வாசல் தாண்டி நிற்கிற சனத்தைப் பார்த்தால் டொக்டர்மாரையும் ஒரேயடியாகத் திட்ட மனம் வராது. ஆனால் இது இன்றைக்குக் கண்டுபிடித்த விசயமா? வலியம், அதுதான் இந்த டயசபம், சந்தைக்கு வந்தது 1963 இல். இந்த வகை மருந்தை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988 இலேயே சொல்லிவிட்டது. உங்கள் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 இலிருந்து 1994 வரை இந்தக் குளிசைகளிலிருந்து ஆட்களை விடுவிப்பதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினா.

பறிக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? மூளையில் காபா என்றொரு பொருள் இயல்பாகவே பதற்றத்தை அடக்கிக்கொண்டிருக்கும். இந்தக் குளிசை அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் எடுத்தால் மூளை அதற்குப் பழகி மரத்துவிடும், நாளும் பொழுதும் இழுத்துப் பிடித்த மூக்கணாங்கயிற்றுக்கு மாடு பழகுகிற மாதிரி. கயிற்றைத் திடீரென்று அறுத்தால் மாடு என்ன செய்யும்? கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காத நிலை எல்லாம் வரும். இல்லாததைக் கண்டு கதைப்பார்கள். வலிப்பு வந்து உயிர் போனதும் உண்டு. கார்த்திகை வெள்ளத்தில் பாதை அடைபட்டிருந்தபோது அம்மா தோலில் எறும்பு ஊருது என்று இரவிரவாகக் கத்தினாவாம். அயலில் ஆரோ திருநீறு போட்டிருக்கிறார்கள். குளிசை முடிந்துபோன நாட்கள் அவை என்பது ரின்னைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஓடி வெளித்தது.

போன மாதம் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கிற்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரின்னையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அம்மா ஏச்சு விழும் என்று பயந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா. அந்த டொக்டர்ப் பிள்ளை ஏசவில்லை. "நீங்கள் களவெடுக்கேல்லை அம்மா, தந்ததைத்தானே குடிச்சனீங்கள்" என்று சொன்னபோது அழுதுவிட்டா.

ஏற்பாடு இதுதான். எல்லாக் குளிசையும் இனி ஒரே கொப்பியில், ஒரே இடத்தில். முதல் இரண்டு கிழமை ஒன்றும் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. பிறகு இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவில் குறைப்பு. முதலில் பகல் டயசபம், அது முடிய லோரசபம். இளம் ஆட்களுக்கு எல்லாவற்றையும் டயசபமாக மாற்றிவிட்டுக் குறைப்பதுண்டு, அது உடம்பை விட்டு மெதுவாகப் போவதால் இறக்கம் சீராக இருக்கும். வயது போனவர்களுக்கு அதே மெதுவே வினை, உடம்பில் தேங்கித் தேங்கி இன்னும் விழுத்தும். அதனால் மாற்றவில்லை. கஷ்டமாக இருந்தால் அந்த அளவிலேயே நிற்கலாம், திரும்ப ஏறாமல் பார்த்தால் சரி. ஒரு வருடம் பிடிக்கலாம். டயசபத்தை 2 மில்லிகிராம் குளிசையாகத் தருகிறார்கள், கணக்குக்கு லேசு. லோரசபத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டி வரும். அந்தச் சின்னக் குளிசை பிளேட்டில் பொடியாகிவிடும், அதற்கென்று வெட்டுகிற சின்னப் பெட்டி அங்கே விற்கும், ஒன்று அனுப்பு.

டொக்டர்ப் பிள்ளை நித்திரைக்கும் ஒழுங்கு சொன்னா. எத்தனை மணிக்குக் கண் மூடினாலும் காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். நித்திரை தூக்கினால்தான் படுக்கை, வராவிட்டால் எழும்பி இருக்கலாம். பகலில் கதிரைத் தூக்கம் இல்லை. கொஞ்ச நாளைக்கு நித்திரை இன்னும் குழம்பும், அதைப் பார்த்துக் குளிசை வேணும் என்று முடிவெடுக்காதேயுங்கோ என்றும் சொன்னா. ஞாபகச் சோதனை இப்போது வேண்டாம், குளிசை குறைந்த பிறகு பார்ப்போம் என்றா. இந்தக் குளிசையே மறதியைத் தரும். தைரொயிட்டுக்கு மட்டும் இரத்தம் எடுத்தார்கள், பிழையில்லை.

பக்கத்து வீட்டார் "பிரிட்டோன் குடியுங்கோ, அது சளிக் குளிசைதானே, நல்லாப் படுக்கலாம்" என்று தொடங்கிவிட்டார்கள். வயதானவர்களின் மூளையை அதுவும் குழப்பும். நான் போய் ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தேன். கால் நோவுக்கு டிரமடோல் ஆரும் கொடுத்துவிடாமலும் பார்க்க வேண்டும். அதுவும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் மூச்சை அமத்தும்.

இப்போது பகல் டயசபம் குறையத் தொடங்கிவிட்டது. போன கிழமை போனபோது அம்மா முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நின்றா. இரவில் தம்பியின் கதைதான் திரும்பத் திரும்ப வருகுதாம். இவ்வளவு வருடமும் குளிசை மூடி வைத்திருந்தது வெளியே வருகிறது போல. டொக்டர்ப் பிள்ளை மாதம் ஒருமுறை இருந்து கதைக்க ஒரு தங்கச்சியை ஒழுங்கு செய்திருக்கிறா. நல்ல பிள்ளை, அவசரப்படாமல் கேட்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ வேலை முடிந்து ஆறு மணிக்கு எடுக்கிற போன் இங்கே பத்தரை, பதினொன்றரைக்கு அடிக்கிறது. உன் குரலுக்காக அம்மா விழித்திருந்து, நீ வைத்த பிறகு நித்திரை வராமல் ரின்னைத் திறந்திருக்கிறா. இனி காலையில் வேலைக்குப் போக முதல் எடு, இங்கே மத்தியானமாக இருக்கும். காசைக் கணக்குக்கே போடு. ஓட்டோப் பெடியனின் கையில் கொடுக்க வேண்டாம், அவனோடு நான் கதைத்துவிட்டேன்.

மாசியில் வருவதாக எழுதியிருந்தாய். ரிக்கெற் போட்டதும் அறிவி.

அன்புடன்,
செல்வம்